கணக்கில் நிற்காத மூன்று கன மீட்டர்

காலை காபிக்கும் குளியலுக்கும் இடையில் போன் வந்தது. மாதாப்பூரிலிருந்து ஷமீமா. "அங்கிள், அத்தா போயிட்டாங்க. மார்னிங் நமாஸ் முடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க, அப்படியே..." என்றாள். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள், அழுதாள், சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றாள். "சரிம்மா" என்று போனை வைத்தேன். வைத்தபின் சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டுக் கேட்கக்கூடிய விஷயம் இல்லை அது. இந்த மாதிரிச் சந்தேகம் வந்தால் நான் கூப்பிடுகிற ஆள் ஒருவர்தான். அவர் பெயர் போனில் மேலேயே இருந்தது. கமாலுதீன் சார், ஷமீமாவின் அப்பா.

செகந்திராபாத் அல்வாலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரோடு வாழ்ந்தவர்களுக்காகவும், அவரைப் பண்டிகைக் கூட்டங்களில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போன தமிழ் நண்பர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். தவறு இருந்தால் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம். அவருடைய தகப்பனார் காலத்திலேயே செகந்திராபாத் வந்துவிட்டார்கள். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில், மற்றப் பிரிவுகள் பயன்படுத்தும் அளவுக்கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் வரைபடப் பிரிவில் இருந்தவன். இரண்டு பேருக்கும் அளவுகளோடுதான் வாழ்க்கை. ஆனால் அவர் அளந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். எனக்கு அளந்த பிறகுதான் தூக்கம் போகும். "நடராஜன் சார், உங்களுக்குக் கூட்டினாலும் பயம், கழிச்சாலும் பயம்" என்பார்.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனபோது புது குக்கரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்திருந்தார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எடையைப் பார்த்தால் கொள்ளளவு தெரிந்துவிடும். அவர் மனைவியை நான் பாபி என்று கூப்பிடுவேன். பாபி சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அஞ்சு லிட்டர்னுதான் அதுலயே போட்டிருக்கே. அரிசி ஊறிக்கிட்டு கெடக்கு" என்றார். கமால் சார் தலையைத் தூக்காமல், "போட்டிருக்கறது ஒண்ணு, புடிக்கிறது ஒண்ணு. ரெண்டையும் ஒரே டம்ளர்ல ஊத்தக் கூடாது" என்றார். குக்கர் ஐந்து லிட்டர்தான் பிடித்தது. அவர் முகத்தில் ஏமாற்றம் எதுவும் இல்லை. அதைக் கவிழ்த்துத் துடைத்துக் கொடுத்தார்.

நான் சொல்ல வந்தது ஒரு கோடையைப் பற்றி. ஆறேழு வருடங்களுக்கு முன்பு, குழாய்த் தண்ணீர் அடியோடு நின்று டேங்கர் லாரிகளை நம்பி இருந்தோமே, அந்தக் கோடை. அப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பிரவீன். கோயம்புத்தூர்ப் பையன், ஐ.டி. வேலை, கெட்டிக்காரன். டேங்கர்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து, தரைக்கு அடியில் இருக்கும் சம்ப் தொட்டியில் இறக்கிப் பார்க்க ஒரு மரக்கோலில் சென்டிமீட்டர் குறித்து வைத்தான். தொட்டியின் உள்நீளம் நான்கு மீட்டர், அகலம் இரண்டரை மீட்டர், ஆழம் இரண்டு மீட்டர். பெருக்கினால் இருபது கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் லிட்டர். ஆகவே இருபதாயிரம் லிட்டர். கோலில் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் நூறு லிட்டர் வந்திருக்கிறது என்று அர்த்தம். இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது.

பத்தாயிரம் லிட்டர் டேங்கர் வந்து ஊற்றியது. நூறு சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும். எழுபதுதான் ஏறியது. அடுத்த டேங்கருக்கும் எழுபது. வேறொரு ஆளின் டேங்கரை வரவழைத்தும் எழுபது. ஒவ்வொரு முறையும் மூவாயிரம் லிட்டர் காணவில்லை.

பிரவீன் டிரைவரைப் பிடித்துக்கொண்டான். டிரைவர் கீழே இறங்கி, "கைக்கு, எதுக்கு சார் சண்டை? நீங்களே ஏறி அளந்துக்குங்க" என்று இந்தியில் கத்தினான். நாங்கள் எல்லாம் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டோம். கமால் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எழுபதை நெருங்கிய வயதில், லாரியின் பின்ஏணியில் ஏறிவிட்டார்.

டேங்கர் உருளையின் முகம் வட்டம் இல்லை, நீள்வட்டம். அகலத்தில் பாதி ஒரு மீட்டர் பத்து சென்டிமீட்டர். உயரத்தில் பாதி எழுபத்தைந்து. இரண்டையும் பெருக்கி, பை (3.14) என்ற எண்ணால் பெருக்கி, நீளம் மூன்று மீட்டர் தொண்ணூறால் பெருக்கினால் பத்து கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. தகட்டின் தடிமனைக் கழித்தால் பத்து. இறங்கி வந்து டிரைவரின் தோளைத் தட்டி, "இவன் மேல தப்பில்ல" என்றார். டிரைவர் எங்களைப் பார்த்த பார்வையை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுக்கு வந்து, "நான் போட்டதப் பாக்காம நீங்க தனியா ஒருக்கா போடுங்க" என்றார். போட்டேன். மீட்டரில் போட்டேன். சைபர் எங்கேனும் நழுவியிருக்குமோ என்று சென்டிமீட்டரில் போட்டேன்: நானூறு, இருநூற்றைம்பது, இருநூறு, இரண்டு கோடி கன சென்டிமீட்டர், ஆயிரத்தால் வகுத்தால் இருபதாயிரம் லிட்டர். அதையும் நம்பாமல் மில்லிமீட்டரில் போட்டேன். பத்து லட்சத்தால் வகுக்க வேண்டிய இடத்தில் சைபர்களை இரண்டு தடவை எண்ணினேன். அதே இருபதாயிரம். கோலை நானே ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

"அப்ப ஒழுகுது" என்றான் பிரவீன். கமால் சார் குழாயின் வால்வுகளை மூடச் சொல்லி, காலையிலிருந்து சாயங்காலம் வரை கோலை இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மட்டம் அசையவில்லை. பிறகு மோட்டாரைப் போட்டு, மொட்டைமாடியில் இருந்த பத்தாயிரம் லிட்டர் தொட்டியை நிரப்பச் சொன்னார். அது நிரம்பி வழிந்தது. கீழே சம்பில் எழுபது சென்டிமீட்டர்தான் இறங்கியிருந்தது. உள்ளே போகும்போது காணாமல் போன மூவாயிரம் லிட்டர், வெளியே வரும்போது எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டது.

"வாங்குனதத் திருப்பிக் குடுக்குது சார்" என்று அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் கோலை வாங்கி நானும் ஒருமுறை இறக்கிப் பார்த்தேன்.

பிரவீனுக்கு இதில் நிம்மதி. "லாஸ் இல்லல்ல அங்கிள்? வந்த தண்ணி அப்படியே நமக்குக் கெடைக்குது. அப்புறம் என்ன இஷ்யூ?" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். தண்ணீர் போய்விடுகிறது என்றபோது தினமும் கூட்டம் கூடியது. போகவில்லை என்று தெரிந்ததும் கலைந்துவிட்டது. கமால் சார் ஒருவர்தான் சம்ப் மூடியின் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். தொட்டியின் மூன்று சுவர்கள் சிமெண்ட். நான்காவது மட்டும் பழைய கருங்கல். வீடு கட்டியவர் அங்கே ஏற்கெனவே இருந்த சுவரை அப்படியே வைத்துப் பூசிவிட்டார். கற்களுக்கு நடுவே பூச்சு உதிர்ந்திருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், தரைக்கு மேலே, வாட்ச்மேன் குடும்பத்தின் அறை.

வாட்ச்மேன் யாதய்யா, அவன் மனைவி சாயம்மா, நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று. கமால் சார் என்னையும் கூட்டிக்கொண்டு அவர்களிடம் போனார். அறைக்குள் ஏதாவது மாறுதல் தெரிகிறதா என்று கேட்டார். சாயம்மா முதலில் புருஷனைப் பார்த்தாள். பிறகு தெலுங்கில் சொன்னாள்: "தண்ணி லாரி வந்தா சாமி விளக்கு அணைஞ்சிடுது சார். மத்த நேரம் எரியுது. லாரி வந்தா மட்டும் அணையுது."

"பைத்தியம், காத்துல அணையும்" என்றான் யாதய்யா.

"ஜன்னலே இல்ல, காத்து எங்கேருந்து வருது? தரை மூச்சு விடுது சார்."

அடுத்த டேங்கர் வந்தபோது நாங்கள் அந்த அறையில் இருந்தோம். தரையில் சிமெண்ட் ஒரு இடத்தில் விரலளவு பிளந்திருந்தது. கமால் சார் ஊதுபத்தியைக் கொளுத்தி அதன்மேல் பிடித்தார். வெளியே தண்ணீர் விழும் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் புகை நேராக மேலே எழும்பியது. யாரோ அடியிலிருந்து ஊதுவதுபோல. ஈரக் கல்லின் வாசனை வந்தது, மூடிக் கிடந்த ஓர் இடத்தின் வாசனை. பிறகு அவர் யாதய்யாவை மோட்டார் போடச் சொன்னார். சிறிது நேரத்தில் புகை வளைந்தது. தலையைக் குனிந்து, அந்தப் பிளவுக்குள் மெல்லிய நூலாக இறங்கிப் போயிற்று.

"மூணு கன மீட்டர் தண்ணி போற எடத்துலேருந்து மூணு கன மீட்டர் காத்து வெளிய வந்துதான் ஆகணும்" என்றார். சின்ன விஷயம்போலத்தான் சொன்னார். ஆனால் ஊதுபத்தியை அணைக்க மறந்துவிட்டார். சாம்பல் அவர் கையில் விழுந்தது.

அந்தப் பிளவுக்குப் பக்கத்தில்தான் குழந்தையின் பாய் விரித்திருந்தது. கோடையில் தரை அங்கே மட்டும் ஜில்லென்று இருக்கும், அதனால் அவள் அந்த இடத்தை விடமாட்டாள் என்றாள் சாயம்மா. குழந்தை அப்போது பாயில் குப்புறப் படுத்து, பிளவில் வாயை வைத்து "ஓய்" என்றது. பிறகு காதை வைத்துக் காத்திருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தது.

கமால் சார் முழங்காலிட்டுக் குனிந்து, "ஹவ்!" என்றார். "ஆமா" என்பதற்கு அவர் சொல்லும் வார்த்தை அது. எதுவும் கேட்கவில்லை. நான் மூச்சை விட்டேன். அப்போது அது திரும்பி வந்தது. அவர் குரல்தான், ஆனால் கீழே கிடந்து கொஞ்சம் யோசித்துவிட்டு வந்ததுபோலத் தாமதமாக, தாழ்ந்து வந்தது. அவர் எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். "தண்ணி மட்டும் இல்ல சார். தண்ணிக்கு மேல நெறைய எடம் இருக்கு" என்றார். பிறகு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அறையை விட்டு வெளியே வரும் வரை இறக்கவில்லை.

தரையை உடைத்துப் பார்க்கச் சொன்னார். வீடு கட்டியவரின் ஆள் ஒருவன் வந்து, பூட்ஸ் காலால் இரண்டு தடவை ஓங்கி மிதித்து, "கீழ பாறை சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் மிதித்தபோது கமால் சார் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

சங்கக் கூட்டத்தில் பேசினார். உங்களில் பலர் அன்று இருந்தீர்கள். "கீழ புதையல் இருக்கும் பாய், எங்களுக்கும் பங்கு குடுங்க" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். "ஹவ், இருக்கும். மொதல்ல நீங்க எறங்குங்க" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பத்து கன மீட்டர் ஊத்துனா எழுபது சென்டிமீட்டர் ஏறுது. அப்ப தண்ணி பரவுற எடம் பதினாலே கால் சதுர மீட்டர். நம்ம தொட்டி பத்து. மிச்சம் நாலே கால் சதுர மீட்டர் அந்தக் குடும்பம் படுக்குற தரைக்கு அடியில இருக்கு. அந்தத் தரை எது மேல நிக்குதுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

நான் எழுந்தேன். கூட்டத்தில் எழுந்து பேசுகிற ஆள் இல்லை நான். "நானும் கணக்குப் போட்டேன். மூன்று அலகுகளில். அதே விடைதான் வருகிறது" என்றேன்.

"சத்தமா அங்கிள், கேக்கல."

மறுபடி சொன்னேன். கோடை முடிந்ததும் ஒரு பொறியாளரை வைத்துப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அடுத்த விஷயமாக லிஃப்ட் பராமரிப்பை எடுத்துக்கொண்டார்கள்.

கமால் சார் தன் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். பாபி கேட்டாராம்: "கைக்கு இவ்வளவு கத்துறீங்க? ஹால் சும்மாதானே கெடக்கு. கூட்டிட்டு வாங்க." அவ்வளவுதான். அன்றைக்கே அந்தக் குடும்பம் பாய், பாத்திரம், சாமி படம் எல்லாவற்றோடும் நான்காவது மாடிக்குப் போனது. யாதய்யா, "டூட்டி என்ன ஆவறது சார், கேட்டை யாரு தெறப்பாங்க?" என்று தயங்கினான். "கேட்டுகிட்ட நாற்காலி போட்டு உக்காரு. அந்த ரூமுக்குள்ள நக்கோ, போக வேணாம். உள்ள போறதா இருந்தா என்னைக் கேட்டுட்டுப் போ" என்றார். வாட்ச்மேன் மாடியில் இருக்கலாமா, நாளைக்கு எல்லோரும் கேட்க மாட்டார்களா என்று சிலர் சங்கத்துக்குப் புகார் எழுதினார்கள். அவர் பதில் எழுதவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நானே ஒரு நாள், நாம் அநாவசியமாகப் பயப்படுகிறோமோ என்று கேட்டேன். "இருக்கும்" என்றார். "ஆனா அது மேல விரிச்சிருந்தது நம்ம பாய் இல்லயே சார்."

ஜூனில் மழை பிடித்தது. ஒரு நாள் காலை பத்து பத்தரை இருக்கும். நான் காய்கறிப் பையோடு உள்ளே நுழைந்துகொண்டிருந்தேன். கீழ்த்தளத்திலிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு கேட்டது. டேங்கர் குழாயைக் கழற்றுகிறார்கள் என்று நினைத்தேன். டேங்கர் எதுவும் நிற்கவில்லை. யாதய்யா கார் துடைத்துக்கொண்டிருந்தவன், துணியைப் பிடித்தபடியே அந்த அறையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கதவு தானாகத் திறந்திருந்தது.

அறைக்குத் தரை இல்லை. சுவர்கள் இருந்தன, அலமாரித் தட்டு இருந்தது, காலண்டர் ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் இருட்டு. கண் பழகியபின் படிகள் தெரிந்தன. கருங்கல் படிகள், ஒவ்வொன்றும் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது, பல கால்கள் ஏறி இறங்கியதுபோல. பாய் விரித்திருந்த இடத்துக்கு நேர்கீழேதான் முதல் படி ஆரம்பித்தது. அவை இறங்கிப் போய்க் கறுப்புத் தண்ணீருக்குள் முடிந்தன, அல்லது முடியவில்லை. விட்டுப்போன சிவப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்று அந்தத் தண்ணீரில் நிமிர்ந்து மிதந்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பழைய காலத்துப் படிக்கிணறு. அதன் வாய்மேல் கல் பாவி, மண் போட்டு, சிமெண்ட் பூசியிருக்கிறார்கள்.

எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். கமால் சார் கோலை இறக்கிப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீரும் சம்புத் தண்ணீரும் ஒரே மட்டம். மாடியிலிருந்து சாயம்மா குழந்தையோடு வந்தபோது, அவள் எட்டிப் பார்க்காதபடி வாசலை மறைத்து நின்றுகொண்டார்.

பிரவீனின் மனைவி என்னிடம், "அங்கிள், இந்தத் தண்ணியையா நாம இத்தன வருஷமா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். என் மனம் அதற்குள் கணக்கைப் போட்டுவிட்டது. மேலே ஏறிய ஒவ்வொரு பத்து லிட்டரிலும் மூன்று லிட்டர் அந்தப் படிகளின் மேல் நின்றுவிட்டு வந்தது. டம்ளருக்கும் அதே விகிதம்தான். இப்போதும் தண்ணீர் குடிக்கும்போது சில சமயம் அது ஞாபகம் வரும்.

அதிகாரிகள் வந்து பார்த்து, கல்லும் மண்ணும் கொட்டி மூடச் சொன்னார்கள். கயிற்றில் கல் கட்டி இறக்கி ஆழம் பார்த்து, எத்தனை லாரி மண் வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் கணக்கிட்டுக் கொடுத்தோம். கணக்கிட்ட மண் முழுவதும் உள்ளே போயிற்று. தண்ணீரின் மட்டம்கூட மாறவில்லை. இன்னும் கொட்டினார்கள். நான் மறுபடி பென்சிலை எடுத்தேன். வாழ்நாள் முழுக்க அளந்த மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எண்ண வேணாம் சார். நக்கோ. நெறையட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். ஒரு வழியாக நிரம்பியது. எவ்வளவு போயிற்று என்று எனக்குத் தெரியாது. அவர் அதைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

அடக்கத்துக்குப் பிரவீன் என்னைக் காரில் கூட்டிப்போனான். யாதய்யா வந்திருந்தான். இப்போது பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் செக்யூரிட்டி. ஷிப்டை விட்டு, சீருடையோடு, ஷேர் ஆட்டோ மாறி மாறி வந்திருக்கிறான். மகள் ஆறாவது படிக்கிறாளாம். கபர்க்குழிக்குப் பக்கத்தில் என்னை அழைத்துப் போகும்போது, ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவன் குதிகாலால் தரையை அழுத்திப் பார்த்தான். அவன் அதை அறிந்து செய்வதாகத் தெரியவில்லை.

ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். என்னையும் போடச் சொன்னார்கள். போட்டேன். தோண்டிய மண் எல்லாம் திரும்ப உள்ளே போகவில்லை. மேலே மேடாக நின்றது. நீளம் இரண்டு மீட்டர், அகலம் முக்கால் மீட்டர், உயரம் சராசரி நாற்பது சென்டிமீட்டர். அறுநூறு லிட்டர். தோண்டினால் மண் உப்பும். அதைக் கழித்தால் மிச்சம், கீழே, உடல்மேல் மண் விழாமல் வைத்த பலகைகளுக்கு அடியில் அவருக்காக விட்ட இடம். போட வேண்டாம் என்று நினைத்தும் போட்டுவிட்டேன். எங்கேனும் தவறு இருக்குமா என்று மறுபடி போட்டேன். இல்லை.

சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது: போட்ட விடை தவறாக இருந்துவிடுமோ என்று. கமால் சார் அதைப் போக்கவில்லை. இப்போதும் மூன்று அலகுகளில் போட்டுத்தான் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு வந்து தங்கியிருப்பது இன்னொரு பயம்: விடை சரியாக இருந்துவிட்டால், அதன் மேல் யார் படுத்திருக்கிறார்கள்? அந்தப் பயம் வந்தால் இப்போது பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போய் அவர்கள் கதவைத் தட்டுகிறேன். மெதுவாகத்தான் தட்டுகிறேன். ஆனால் திறக்கும் வரை தட்டுகிறேன்.